பந்து கிடைத்த முதல் மூன்று நொடி

நீங்கள் கேட்டது இதுதான். மகனுக்கு 13 வயது, திருப்பூரில் ஒரு ஃபுட்பால் அகாடமி அணியில் ஹாஃப், அதாவது நடுவரிசை, ஆடுகிறான். கோச் எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்திவிட்டு, பந்து கிடைத்ததும் முன்னால் நிற்கும் நெட்டைப் பையனுக்குத் தூக்கி அடிக்கச் சொல்கிறார். இந்த வருஷம் இரண்டு கோப்பை வந்துவிட்டது. ஆனால் உங்கள் மகன், "பந்து என் தலைக்கு மேலேயே போகுதுப்பா" என்று சலித்துக்கொள்கிறான். ஜெயிப்பது பெரிதா, அழகாக ஆடுவது பெரிதா, கோச்சை மாற்றிவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

வெற்றியா அழகா என்று கேட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வேறு கேள்வி என்று எனக்குப் படுகிறது. இந்த ஆட்டத்தில் என் மகனுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதானே? அந்த நெட்டைப் பையன் உங்கள் மகனாக இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அப்பா ஸ்தானத்தில் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

நான் கோவைக்குத் தெற்கே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். 22 வருஷமாகப் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறேன், கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் முடித்திருக்கிறேன். ஆடிய காலத்தில் ஸ்டாப்பர் பேக், பின்வரிசை நடுவில் நின்று தடுக்கிறவன். அதனால் டிஃபென்ஸ் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். 17 வயதுக்கு மேற்பட்ட அணி எதையும் நான் நடத்தியதில்லை. உங்கள் மகனின் அணி ஆடி நான் பார்த்ததும் இல்லை. நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் உங்கள் கோச்சின் பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன். பின்னால் ஆள் நிறுத்தி ஆடுவது கேவலமான விஷயம் என்று டிவியில் ஐரோப்பிய ஆட்டம் பார்க்கும் நம்மிடையே ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நம்ம ஊரில் கபடி தெரியாதவர்கள் குறைவு. பிடிக்கிற ஏழு பேரைப் பார்த்து "இவங்க ஆட்டம் நல்லாயில்லை" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ரைடரை ஒரு பக்கமாக ஒதுக்கி, கார்னர் ஆள் காலைப் பிடித்து, கவர் ஆள் மேலே வந்து விழுந்து அமுக்கும்போது, ரைடர் நாலு புள்ளி எடுத்ததை விட அதிகமாக விசில் அடிப்போம். ஒரே ஒரு வித்தியாசம், கபடியில் பிடித்தால் புள்ளி. ஃபுட்பாலில் எவ்வளவு அருமையாகத் தடுத்தாலும் பலகையில் ஒன்றும் ஏறாது. பார்ப்பவர்களுக்குத் தடுப்பாட்டம் வேலை மாதிரியும் தாக்குதல் திருவிழா மாதிரியும் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

தடுப்பு என்பதும் ஒரு வித்தை, அதற்கும் மணிக்கணக்கில் பயிற்சி வேண்டும். 1989, 1990 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிய ஏசி மிலான் அணியின் கோச் அரிகோ சாக்கி. பெரிய அளவில் பந்தாடாதவர், ஷூ வியாபாரத்திலிருந்து கோச்சாக வந்தவர். அவர் பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு. தன் அணியின் தாக்குதல்காரர்கள் குல்லிட், வான் பாஸ்டன் போன்றவர்களிடம், "நான் ஒழுங்குபடுத்திய ஐந்து பேரை எதிர்த்து நீங்கள் பத்துப் பேர் ஆடுங்கள், 15 நிமிஷம் தருகிறேன்" என்று பந்தயம் கட்டினாராம். பத்துப் பேராலும் ஒரு கோல் அடிக்க முடியவில்லையாம். அந்தப் பக்கம் கோல் கீப்பரோடு நின்றது டசோட்டி, பரேசி, கொஸ்டகுர்டா, மால்டினி. இந்த நாலு பேரும் ஒரே கயிற்றில் கட்டினது போல ஏறி இறங்கும் பழைய வீடியோவை உங்கள் மகனுக்குப் போட்டுக் காட்டுங்கள். எனக்கு அதைவிட அழகான காட்சி ஃபுட்பாலில் குறைவு. ஸ்டாப்பர் பேக்காக இருந்தவன் அப்படித்தான் சொல்வான் என்பீர்கள். சரி.

அப்புறம் ஹெலெனியோ ஹெரெரா. 1964, 1965-இல் இன்டர் மிலானுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர். கத்தனாச்சோ என்றால் உடனே அவர் பெயர்தான் வரும். இத்தாலிய மொழியில் தாழ்ப்பாள். பின்வரிசைக்கும் பின்னால் ஒரு ஆளை உதிரியாக விட்டு, மற்றவர்கள் ஆளுக்கு ஆள் பிடிப்பது. இதையே பலரும் எடுத்து ஆடினார்கள், ஆட்டம் சவசவ என்று ஆனது. என்னைப் பார்த்து ஆடியவர்கள் தாக்குதல் பாதியை விட்டுவிட்டார்கள் என்று ஹெரெரா பின்னாளில் சொன்னார். அந்தப் பாதி என்ன தெரியுமா? இடது பேக் ஃபக்கெட்டி. பேக் என்றால் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது என்றிருந்த காலத்தில் அவர் எதிர்ப்பக்கப் பெனால்ட்டிப் பெட்டி வரைக்கும் ஓடுவார். 1965-66 சீசனில் லீகில் மட்டும் 10 கோல். தாழ்ப்பாள் போட்ட அணியின் பேக் ஒருவர் பத்து கோல்!

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எட்டுப் பேர் பின்னால் நிற்பது எனக்குப் பிரச்சினை இல்லை. அந்த எட்டுப் பேர் பந்தைப் பிடுங்கிய அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். கோச் தத்துவம் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அது பேட்டியில் தெரியாது, கோப்பையில் தெரியாது, பந்து கைமாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தெரியும். பந்தை வாங்கியவனுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் வந்து நிற்கிறார்களா? ஒருவன் எதிர்ப்பக்கம் ஓடி இடம் திறக்கிறானா? வாங்கியவன் தலையைத் தூக்கிப் பார்க்கிறானா? அதெல்லாம் நடந்து, முன்னால் ஒருவன் தனியாக இருப்பது கண்ணில் பட்டு, அதன் பிறகு தூக்கி அடித்தால் அது பாஸ். பார்க்காமலே அடித்தால் அது பந்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டும் ஒரே மாதிரிதான் பறக்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பார்க்காமல் அடிக்கப் பழகிய அணியை நான் வேலி மட்டும் நன்றாகப் போட்டுவிட்டு உள்ளே விதைக்காமல் விட்ட காடு என்பேன்.

"நெட்டை ஆளுக்குத் தூக்கி அடி" என்பதற்கு ஒரு கணக்கு ஆதாரமும் காட்டுவார்கள், உங்கள் கோச்சும் காட்டலாம். இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்று விமானப்படையில் கணக்குப் பார்த்தவர் ஒருவர் 1950-இலிருந்து ஆட்டங்களுக்கு நோட்டும் பென்சிலுமாகப் போய்ப் பாஸ்களை எண்ணினார். கோல்களில் சுமார் 80 சதவீதம், மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் வந்தவை என்று கண்டார். அதனால் அதிகப் பாஸ் வீண், சீக்கிரம் முன்னால் அடி என்று முடிவு கட்டினார். பல கோச்சுகள் பல வருஷம் இதை வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டை எங்கே என்றால், அவருடைய கணக்குப்படியே ஆட்டத்தில் நடக்கும் நகர்வுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்று பாஸ்களுக்குள் அறுந்துபோகின்றன. நூற்றுக்கு தொண்ணூறு தடவை செய்த வேலையில் எண்பது கோல்தான் வந்தது, மீதி பத்துத் தடவையில் இருபது கோல் வந்தது என்றால் எது லாபம்? நீங்கள் பனியன் கம்பெனிக் கணக்குப் பார்ப்பவர், உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதற்காக, அதிகப் பாஸ் போட்டால் ஜெயிக்கலாம் என்று தலைகீழாகத் திருப்பிவிடவும் கூடாது. நல்ல அணிகளிடம் பந்து அதிக நேரம் இருக்கிறது என்பது உண்மை. பந்து இருப்பதால் நல்ல அணியா, நல்ல அணி என்பதால் பந்து இருக்கிறதா என்பதில் ஆராய்கிறவர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

அழகாக ஆடினால் தோற்போம் என்பதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி 1982 உலகக் கோப்பையில் ஆடிய பிரேசில். டெலே சந்தானா கோச். ஆட்டக்காரர்கள் சிக்கோ, சாக்ரடீஸ், ஃபல்காவோ. பார்சிலோனாவில் சாரியா மைதானத்தில் இத்தாலியிடம் 3-2 தோல்வி, பாவ்லோ ரோஸி மூன்று கோல். சமன் செய்திருந்தாலே பிரேசில் அரையிறுதிக்குப் போயிருக்கும். 2-2 ஆன பிறகும் முன்னால் போனார்கள், அதனால் அடி வாங்கினார்கள் என்று கதை சொல்வார்கள். கோல்களை எடுத்துப் பாருங்கள். இத்தாலியின் இரண்டாவது கோல், பின்னால் செரெஸோ கவனமில்லாமல் குறுக்கே தட்டிய பாஸை ரோஸி பிடுங்கி அடித்தது. மூன்றாவது, கார்னரில் வந்த பந்து. அந்த நேரத்தில் பிரேசில்காரர்கள் எல்லோரும் தங்கள் பெட்டிக்குள்தான் நின்றிருந்தார்கள். அவர்களைக் கொன்றது அழகு இல்லை, அசட்டை. இது என் தீர்ப்பு, மறுப்பவர்கள் நிறைய உண்டு.

மறுபக்கம் 2010 ஸ்பெயின். அழகான பாஸ் ஆட்டம் என்று உலகமே கொண்டாடியது. உலகக் கோப்பையை எத்தனை கோலில் ஜெயித்தார்கள்? ஏழு ஆட்டத்தில் எட்டு. முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்றார்கள், நாக் அவுட் சுற்று நாலும் 1-0. வாங்கிய கோல் மொத்தம் இரண்டு. அந்த அணி பாஸ் போட்டதே பெரும்பாலும் தடுப்புக்குத்தான் என்பேன். ஆட்டத்தில் பந்து ஒன்றுதான், அது நம்மிடம் இருந்தால் எதிரி கோல் அடிக்க முடியாது என்று யோகான் கிரைஃப் பார்சிலோனாவில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதே 2010-இல் ஐரோப்பிய கிளப் கோப்பையின் இரண்டு ஆட்ட அரையிறுதியில், மொரினியோ கோச்சாக இருந்த இன்டர் மிலான், பார்சிலோனா மைதானத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 28-ஆவது நிமிஷத்திலேயே ஒரு ஆளை சிவப்பு அட்டைக்குக் கொடுத்துவிட்டு, பத்துப் பேரோடு கட்டை போட்டு நின்றது. ஃபார்வர்டு எட்டோ பேக் வேலை பார்த்தார். அன்று 1-0 தோற்றாலும் முதல் ஆட்டத்தில் அடித்த மூன்று கோலால் மேலே போனார்கள். அதை இன்றைக்கும் திட்டுகிறார்கள். எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். பத்துப் பேரும் தான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று தெரிந்து நின்றார்கள்.

அழகு முக்கியம் என்பதை ஒருமுறை விதி எழுதுகிறவர்களே ஒத்துக்கொண்டார்கள். 1990 உலகக் கோப்பையில் 52 ஆட்டத்தில் 115 கோல்தான். முன்னால் ஒரு கோல் அடித்த அணி பந்தைக் கோல் கீப்பருக்குத் தட்டுவதும், அவர் கையில் எடுத்து நேரம் கடத்துவதுமாகவே பொழுது போகும். 1992-இல் அந்த பேக் பாஸைக் கையில் எடுக்கத் தடை வந்தது. 1994-இல் உலகக் கோப்பையில் வெற்றிக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. அதே 52 ஆட்டத்தில் 141 கோல். ஒரு போட்டியை மட்டும் வைத்து விதிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான்.

நம்ம ஊருக்கு வருவோம். 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி பெயரில்தான் சென்னை, அப்போது வீட்டு மைதானம் கோவை. இந்தியக் கிளப்புகள் ஆடிய ஐ லீக் தொடரின் கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாப்போடு. ஜெயித்தால் பட்டம், தவறினால் ஈஸ்ட் பெங்கால் தாண்டிவிடலாம். பதினொரு பையன்களை பஸ்ஸில் கூட்டிப்போயிருந்தேன். ஆரம்பத்திலேயே கோல் வாங்கிவிட்டார்கள். கேலரி அப்படியே அடங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு பெரியவர், "இனிமேல் தூக்கி அடிங்கடா, எவனாச்சும் தலையில தட்டுவான்" என்று கத்திக்கொண்டே இருந்தார். சிங்கப்பூர்க்கார கோச் அக்பர் நவாஸ் அணி அதைச் செய்யவில்லை. சீசன் முழுக்க எப்படித் தரையில் தட்டி ஆடினார்களோ அப்படியே ஆடினார்கள். இடைவேளைக்குப் பின் பெட்ரோ மான்சி பெனால்ட்டியில் சமன், அப்புறம் கோலடிப்பது தன் வேலையே இல்லாத கௌரவ் போரா இரண்டு. 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம். அந்த சீசனில் லீகிலேயே அதிகக் கோல் அடித்ததும் அவர்கள்தான். தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒரு அணி எப்படி ஆடுகிறதோ அதுதான் அதன் கோச் உண்மையில் நம்புவது. நான் பையன்களுக்கு வகுப்பில் சொல்ல முடியாததை அன்று கேலரியில் கண்ணால் பார்த்தார்கள்.

ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்து நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் என் 15 வயது அணிக்குத் தூக்கி அடிப்பதையே தடை செய்தேன். கோல் கிக்கைக்கூட பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் தட்ட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு இறுதி ஆட்டம். முதல் நாள் மழை, செம்மண் மைதானம், பெட்டிக்கு முன்னால் சேறு. என் கோல் கீப்பர் பையன் பார்க்கிறான், பந்து நகராது என்று அவனுக்குத் தெரிகிறது. என்னையும் திரும்பிப் பார்க்கிறான். நான் "தட்டு, தட்டு" என்கிறேன். பந்து சேற்றில் நின்றது, எதிரணிக்காரன் வந்து எடுத்து அடித்தான். இப்படியே இரண்டு கோல். மொத்தம் நாலு. ஆட்டம் முடிந்து அந்தப் பையன் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதான். "சார், நான் தூக்கி அடிக்கலாம்னுதாங்க நெனச்சேன்" என்றான். நினைத்தது சரி. நினைத்ததைச் செய்யவிடாமல் வைத்தது நான். பார்க்காமல் தூக்கி அடிக்கச் சொல்வதும் பார்க்காமல் தட்டச் சொல்வதும் ஒரே குற்றம்தான் என்று எனக்குப் புரிய நாலு கோல் தேவைப்பட்டது.

மைதானமும் காற்றும் நமக்குப் பாதி கோச். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அடிக்கிற மேற்குக் காற்று உடுமலைப் பக்கம் காற்றாடிகளைச் சுற்றவைப்பதோடு நிற்காது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், பந்து எம்மாத்திரம்? மைதானம் கிழக்கு மேற்காக இருந்தால் ஒரு பாதி காற்றோடு, ஒரு பாதி காற்றுக்கு எதிரே. காற்றோடு ஆடும்போது தூக்கி அடித்தால் பந்து எல்லோரையும் தாண்டிக் கோட்டுக்கு வெளியே போகும். எதிரே ஆடும்போது அடித்த பந்து ஆகாயத்தில் நின்று நம்ம பெட்டிக்கே திரும்பி விழும். ஆக, எப்போதும் தூக்கி அடி என்கிற கோச் கொங்குநாட்டில் வருஷத்தில் மூன்று மாதம் தோற்க வேண்டியவர். உங்கள் அணியின் கோப்பைகள் எந்த மாதத்தில் வந்தன என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். கோடையில் கல் போல் காய்ந்த தரையில் பந்து முட்டி உயரம் எகிறும், அங்கே கட்டுப்படுத்தித் தட்டுவது நிஜமாகவே கஷ்டம். அப்போது தூக்கி அடிக்கச் சொல்லும் கோச்சை நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது வயது விஷயம். இதில் எனக்கு சந்தேகமே கிடையாது. 13 வயதில் ஜெயிப்பது பெரும்பாலும் உடம்பு. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் சேர்ந்து ஆடுகிறார்கள். 13 வயதில் அந்தப் பதினோரு மாதம் பெரிய இடைவெளி. உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வயதுப் பிரிவு தொடங்கும் முதல் மாதங்களில் பிறந்த பையன்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட உண்மை. திறமை மாதம் பார்த்துப் பிறப்பதில்லையே. முந்தி வளர்ந்தவனை நாம் திறமைசாலி என்று நினைத்துக்கொள்கிறோம். 16, 17 வரும்போது மற்றவர்கள் எட்டிப்பிடித்துவிடுவார்கள்.

இதிலும் எனக்கு ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. கோச்சான ஐந்தாவது வருஷம், எட்டாம் வகுப்பிலேயே ஐந்தே முக்கால் அடி உயரம், காடு கரையில் வேலை செய்த உடம்பு, அப்படி ஒரு பையன் வந்தான். அவனை முன்னால் நிறுத்தி நாங்கள் தூக்கி அடித்துக்கொண்டே இருந்தோம். மூன்று கோப்பை. ஹெட்மாஸ்டர் ரூமில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பையனுக்குப் பந்தை நெஞ்சில் வாங்கி இறக்க, முதுகில் ஆளை வைத்துக்கொண்டு திரும்ப, எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தேவைப்படவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அவன் வளர்வது நின்றது, மற்றவர்கள் வளர்ந்தார்கள். மாவட்ட அணித் தேர்வுக்குப் போனான். தரையில் வந்த முதல் பந்தை வாங்கத் தெரியாமல் தவறவிட்டான், இரண்டாவதையும் விட்டான். அதோடு ஷூவைக் கழற்றியவன் திரும்பப் போடவில்லை. உங்கள் மகனுக்குப் பந்து வருவதில்லை என்று கவலைப்படுகிறீர்கள். இந்த ஆட்டத்தில் அதிகம் இழப்பது எல்லாப் பந்தும் யாருக்குப் போகிறதோ அந்த நெட்டைப் பையன்தான் என்பேன். அவன் அப்பாவைத் தெரிந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அதனால் இந்த வயதில் ஒரே இடத்தில் ஒரே வேலை என்று பூட்டி வைப்பதுதான் எனக்கு ஆகாது. நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி 1955, 1958 இரண்டு தடவை டூரண்ட் கோப்பை வாங்கியது. அதில் ஆடிய பீட்டர் தங்கராஜ் ஆரம்பத்தில் சென்டர் ஃபார்வர்டு, பிறகுதான் கோல் கீப்பர் ஆனார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியிலும் இருந்தார். அந்த அணியின் கோச் ஹைதராபாத் சையது அப்துல் ரஹீம், ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டதும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஃபார்வர்டாக நிறுத்தினார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 ஜெயித்தபோது ஒரு கோல் பி.கே. பானர்ஜி, இன்னொன்று அந்த ஜர்னைல் சிங். எதிர்ப்பக்கத்து வேலையும் தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது.

சரி, கோச்சை மாற்றலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னைத் தயங்க வைக்கிறது. மழை நாளில் பயிற்சி ரத்தானால் அவர் ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் போன் செய்து சொல்கிறார் என்றீர்கள். அப்படிப்பட்ட ஆள் கேட்டால் யோசிப்பார். கோப்பை வேண்டும் என்கிற நெருக்கடி பெரும்பாலும் கோச்சுக்குள்ளிருந்து வருவதும் இல்லை. அகாடமியில் அட்மிஷன் நடக்கப் பலகையில் கோப்பைப் படம் வேண்டும், பெற்றோர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். இரண்டு கோப்பைக்கும் நீங்கள் ஸ்டேட்டஸ் வைத்தீர்களா இல்லையா? சும்மா கேட்கிறேன்.

அடுத்த இரண்டு ஆட்டம் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள், ரீப் போல. கோலைக் கணக்கெடுக்க வேண்டாம். உங்கள் மகன் காலில் பந்து எத்தனை தடவை பட்டது என்று ஒரு பக்கம் கோடு போடுங்கள். நம்ம அணி பந்தைப் பிடுங்கியதும், வாங்கியவன் தலை நிமிர்ந்து பார்த்தானா, பார்க்காமல் அடித்தானா என்று இன்னொரு பக்கம். முன்னால் ஒரு கோல் இருக்கும்போதும் பின்தங்கி இருக்கும்போதும் தனித்தனியாகப் போடுங்கள். பயிற்சிக்கும் ஒரு நாள் போய் ஓரமாக உட்காருங்கள். ஆட்டத்தில் எப்படி ஆடினாலும், பயிற்சியில் நாலுக்கு நாலு சின்ன இடத்தில் ஆடவிடுகிறார், பந்து எல்லோர் காலிலும் படுகிறது என்றால் பையன் கற்றுக்கொண்டுதான் இருக்கிறான், பொறுத்துக்கொள்ளலாம். பயிற்சியும் தூக்கி அடிப்பதும் ஓடுவதும் மட்டும்தான் என்றால் என்னிடம் திரும்பக் கேளுங்கள், அப்போது என் பதில் மாறும்.

கோச்சிடம் போகும்போது ஆட்டம் முடிந்த சூட்டில் போகாதீர்கள், மற்ற அப்பாக்களைக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். பயிற்சி முடிந்து அவர் கோன்களைப் பொறுக்கும்போது நீங்களும் நாலு பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "மாஸ்டர், நம்ம பசங்க பந்தைப் பிடுங்கினதும் பையன் எங்கே போய் நிக்கோணுங்க? வீட்டுல கேட்டா அவனுக்குச் சொல்லத் தெரியலை" என்று மட்டும் கேளுங்கள். அவர் கோனைக் கீழே வைத்து மண்ணில் கோடு போட்டுக் காட்டினால் உங்கள் பையன் நல்ல இடத்தில் இருக்கிறான். "அதெல்லாம் எதுக்குங்க, ஜெயிக்கிறோமில்ல" என்றால் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து அந்தக் கோடுகளை எண்ணுங்கள்.